சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது?

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, 'பெண்களும் சட்டமும்' என்று வழமையான தலைப்பில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். இந்தக் கல்லூரியில் படித்தவள், இப்போது சட்டத்தரணி என்றால் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, இரண்டு வருடங்களுக்கு முன் என் வீட்டு வாசலில் நடந்த ஒன்று குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைச் சொல்லாமல் மற்றவர்களைப் பற்றி எழுதினால் அது நேர்மையாக இராது.

என் ராத்தாவின் மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பின்னேரம் ரியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவளை, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் ஒழுங்கைக்குள் மறித்துக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் கத்தியதும் விட்டுவிட்டு ஓடிவிட்டான். நடுங்கிக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே என்னிடம் வந்தாள். நான் சட்டத்தரணி அல்லவா! அவளை இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு நான் கேட்ட முதற் கேள்வி இது: "அந்த ஒழுங்கையால ஏன் வந்தனி? பெரிய றோட்டால வந்திருக்கலாமே?"

அவள் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "சாச்சி, நீங்களுமா?" என்றாள்.

பதினான்கு வருடங்களாக நீதிமன்றங்களில் நின்று, இப்படியான கேள்விகள் எழும்போதெல்லாம் எழுந்து ஆட்சேபித்து வந்தவள் நான். ஆனால் மோட்டார் சைக்கிளின் நிறம் என்ன, இலக்கத்தில் ஓர் எண்ணாவது கண்ணில் பட்டதா, ஒழுங்கையில் யார் நின்றார்கள் என்று எதையும் கேட்கவில்லை. அவனைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எல்லாம் அவளைப் பற்றியே. என் வாயிலிருந்து வந்த அந்தக் கேள்வி எனக்கு முன்பே யாரோ வார்த்து வைத்தது. அதைப்பற்றித்தான் எழுதப்போகிறேன்.

'ஸ்டீரியோடைப்' என்ற ஆங்கிலச் சொல் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கத்தை அமைத்தபின், அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து எடுப்பார்கள். அதைக் கொண்டு எத்தனை ஆயிரம் பிரதியும் அடிக்கலாம். ஆனால் ஓர் எழுத்தைக்கூட அதில் மாற்ற முடியாது. பெண் என்றால் இப்படி, ஆண் என்றால் இப்படி என்று நம் மனத்தில் வார்த்து வைத்திருக்கும் எண்ணங்களும் அப்படியே. அவற்றை வார்ப்பு எண்ணங்கள் என்று இங்கே சொல்கிறேன். வீட்டில் அவை மனத்தாங்கலோடு முடியலாம். பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஓர் உயிரையோ பல வருடச் சிறையையோ தீர்மானித்துவிடும்.

ஒரு குற்ற வழக்கு எப்படி நகர்கிறது என்று முதலில் பார்ப்போம். முறைப்பாடு பொலிஸ் மேசையில் தொடங்குகிறது. அங்கே வாக்குமூலம் எழுதப்படும். தேவையானால் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறிக்கை தருவார். நீதவான் நீதிமன்றத்தில் சந்தேக நபர் முற்படுத்தப்படுவார். பாரதூரமான குற்றமென்றால் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். அங்கே குற்றப்பத்திரம் தயாராகி மேல் நீதிமன்றத்துக்கு வரும். இதற்குள் வருடங்கள் ஓடிவிடும். பிறகுதான் சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும். அத்தனை வருடங்களுக்குப் பிறகும் எதிரித் தரப்புச் சட்டத்தரணியின் கையில் இருப்பது முதல் நாள் மேசையில் எழுதப்பட்ட அந்த வாக்குமூலம்தான். "அன்று இப்படிச் சொன்னீர், இன்று வேறு விதமாகச் சொல்கிறீரே?" என்ற கேள்வி அதிலிருந்தே பிறக்கும். ஆகவே முதல் மேசையில் இருப்பவர் தன் மனத்திலுள்ள வார்ப்பைக் கொண்டு ஒரு வரி எழுதிவிட்டால், அது வழக்கின் கடைசி நாள்வரை கூடவே வரும்.

எழுதப்படாத வரியும் கூடவே வரும். 2015 மே 13 ஆம் திகதி காலை புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட பதினெட்டு வயது உயர்தர மாணவி வீடு திரும்பவில்லை. அவளது பெயரை நான் எழுத வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் அதை அறியாத வீடில்லை. அன்று தேடிப்போன குடும்பத்தவர்களுக்கு, அவள் யாருடனாவது போயிருப்பாள், வந்துவிடுவாள் என்ற தொனியில் பதில் கிடைத்ததாக அப்போது வெளிவந்த செய்திகளில் குறை கூறப்பட்டிருந்தது. மறுநாள் காலை அவளது உடல்தான் கண்டெடுக்கப்பட்டது.

அந்த ஒரு பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க வேண்டுமென்பதில்லை. பதினெட்டு வயதுப் பெண் வீட்டுக்கு வரவில்லையென்றால் காதல்தான் காரணம் என்பது அவர் மனத்திலிருந்த தகடு. நம் மனங்களிலும் அதே தகடு இருக்கிறது. நம் மொழியையே பாருங்கள். ஓர் ஆண்பிள்ளை திரும்பி வராவிட்டால் 'காணாமற் போய்விட்டான்' என்கிறோம். பெண்பிள்ளையென்றால் நாக்கு நுனியில் 'ஓடிப்போய்விட்டாள்' என்ற சொல் வந்து நிற்கிறது. காணாமற் போனவரைத் தேட வேண்டும். ஓடிப்போனவளைத் தேடுவதில்லை; தலை குனிந்துகொண்டு காத்திருப்போம். ஒரே நிகழ்வுதான். எந்தச் சொல்லால் சொல்கிறோமோ அதுவே தேடுதலைத் தொடக்கவும் செய்யும், நிறுத்தவும் செய்யும்.

இதே போன்ற இன்னொரு சொல் 'கற்பழிப்பு'. இலக்கிய மலர் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். களவு நடந்தால் பொருள் போனது என்கிறோம். களவு கொடுத்தவரின் நேர்மை போனதென்று சொல்வதில்லை. இந்தக் குற்றத்துக்கு மட்டும், குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடமிருந்து ஏதோ அழிந்துவிட்டதாகப் பெயர் வைத்தோம். அவளது ஒழுக்கம் அவளுடையது. இன்னொருவன் செய்த வன்முறையால் அது எப்படி அழியும்? பாலியல் வல்லுறவு என்ற சொல்லை இன்று நம் பத்திரிகைகள் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. சட்டத் தமிழும் அப்படித்தான். மேடையிலும் வீட்டிலும் பழைய சொல்லே இன்னும் உயிரோடிருக்கிறது.

புங்குடுதீவு வழக்கு பிறகு யாழ்ப்பாணத்தில் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயத்தின் முன் விசாரிக்கப்பட்டது. 2017 செப்டெம்பர் 27 ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, இருவர் விடுவிக்கப்பட்டனர். அந்தக் கொலைக்குப் பின் குடாநாடு முழுவதும் கடைகள் பூட்டப்பட்டு, பிள்ளைகள் வீதிக்கு இறங்கியதை உங்கள் பெற்றோர் பார்த்திருப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. எல்லோர் கண்ணிலும் நின்றது வெள்ளைச் சீருடை. அதே பெண், அதே வயது, சீருடையில் இல்லாமல், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தவளாக இருந்திருந்தால், அல்லது ஊரில் முன்பே பெயர் கெட்டவளாக இருந்திருந்தால், அத்தனை கடைகள் பூட்டப்பட்டிருக்குமா? பாதிக்கப்பட்டவள் நாம் வரைந்து வைத்த படத்துக்குப் பொருந்தினால் மட்டுமே அழுவது என்பதும் ஒரு வார்ப்புத்தான். அது இரக்கத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவதால் எளிதில் பிடிபடுவதில்லை.

சட்டப் புத்தகமும் இதற்கு விலக்கல்ல. நம் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895 இல் பிரித்தானியர் காலத்தில் வந்தது. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இரண்டிலும் ஒரு வாசகம் இருந்தது: வல்லுறவு வழக்கில், முறைப்பாடு செய்த பெண் பொதுவாக ஒழுக்கமற்றவள் என்று காட்ட எதிரித் தரப்புக்கு இடமுண்டு. காசு களவு போன வழக்கில், காசைப் பறிகொடுத்தவன் ஊதாரி என்று காட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இடம் கொடுத்ததில்லை. இந்தியா தன் புத்தகத்திலிருந்து அந்த வாசகத்தை 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கியது.

அங்கே அந்த மாற்றத்துக்கான வழியைத் திறந்தது ஓர் ஏழைப் பழங்குடிப் பெண்ணின் வழக்கு. 1972 இல் மகாராஷ்டிரத்தில், ஒரு பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே, இரு பொலிஸார் தன்னை வல்லுறவுக்கு உட்படுத்த முயன்றதாகவும் உட்படுத்தியதாகவும் அவள் சொன்னாள். மதுரா வழக்கு என்று சட்ட மாணவர்கள் அதைப் படிப்பார்கள். உடலில் காயமில்லை, அவள் கூக்குரலிடவில்லை, ஆகவே சம்மதித்திருப்பாள் என்ற முறையில் இந்திய உயர் நீதிமன்றம் 1978 இல் இருவரையும் விடுவித்தது. பொலிஸ் நிலையத்துக்குள் கூக்குரலிட்டு யாரை அழைப்பது? மறு வருடம் நான்கு சட்டப் பேராசிரியர்கள் பிரதம நீதியரசருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதே அதன் சாரம். அந்தக் கடிதத்திலிருந்து எழுந்த இயக்கம் 1983 இல் சட்டத்தை மாற்ற வைத்தது. காவலில் இருக்கும் பெண், தான் சம்மதிக்கவில்லை என்று சாட்சி சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று வந்தது.

நம் நாட்டில் 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, 363 ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. சம்மதமில்லை என்பதை நிரூபிக்க, உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் இருந்தாக வேண்டியதில்லை என்பது அதன் பொருள். இந்த ஒரு வரிக்குப் பின்னால் மருத்துவ உண்மை ஒன்று இருக்கிறது. பெரும் பயம் வரும்போது எல்லோரும் போராடுவதோ ஓடுவதோ இல்லை. சிலருடைய உடல் அப்படியே உறைந்துபோகும். குரல் வராது, கை அசையாது. பாம்பைக் கண்டு கால் நகராமல் நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அப்படி நின்றவரை, பாம்பு கடிக்கச் சம்மதித்தார் என்று யாரும் சொல்வதில்லை. சட்டம் மாறி முப்பது வருடமாகிறது. ஆனால் "ஏன் கத்தவில்லை?" என்ற கேள்வி நீதிமன்ற வளவுக்குள் இன்னும் நடமாடுகிறது. சட்டத்தை வர்த்தமானியில் மாற்றலாம். தகட்டை மாற்ற வர்த்தமானி இல்லை.

பெண் நீதிபதி இருந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். பிலிப்பைன்ஸ் நாட்டின் வெர்டிடோ வழக்கைப் படித்தபின் அந்த நினைப்புப் போய்விட்டது. 1996 இல் டாவோ நகரில், வர்த்தகர் சங்கமொன்றில் பொறுப்பான பதவியிலிருந்த பெண் ஒருவர், அதே சங்கத்தின் முன்னாள் தலைவர் தன்னை வல்லுறவு செய்தார் என்று முறையிட்டார். 2005 இல்தான் தீர்ப்பு வந்தது. தப்பியோடச் சந்தர்ப்பமிருந்தும் ஓடவில்லையே, அறுபது தாண்டிய மனிதரால் இது கூடுமா என்றெல்லாம் தர்க்கம் செய்து எதிரியை விடுவித்தவர் ஒரு பெண் நீதிபதி. அந்தப் பெண், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழுவுக்கு முறையிட்டார். நியாயமான விசாரணைக்குப் பதில் வார்ப்பு எண்ணங்களைக் கொண்டு தீர்ப்பளித்தது உடன்படிக்கையை மீறுவதாகும் என்று அக்குழு 2010 இல் சொன்னது. அந்த உடன்படிக்கையின் 5 ஆம் உறுப்புரை இந்த எண்ணங்களைப் பற்றியதுதான். இலங்கையும் 1981 இலிருந்து அதில் ஒரு தரப்பு.

2020 ஜூனில் கர்நாடக மேல் நீதிமன்றம் எதிரி ஒருவருக்குப் பிணை வழங்கியபோது, சம்பவத்துக்குப் பின் களைத்துத் தூங்கிவிட்டதாக முறைப்பாட்டாளர் சொன்னது இந்தியப் பெண்ணுக்குப் பொருந்தாத நடத்தை என்று எழுதியது. எங்கும் கண்டனம் எழுந்தது. சில நாட்களிலேயே அந்த வரியை அந்த நீதிமன்றமே நீக்கியது. துயரத்தில் இருக்கும் ஒரு பெண் எப்படித் தூங்க வேண்டும், எப்போது அழ வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி அட்டவணை எங்கேயோ தொங்குகிறது போலும்.

அழுகையைப் பற்றிச் சொன்னதும் அவுஸ்திரேலியா நினைவுக்கு வருகிறது. 1980 ஓகஸ்டில் உளுறு என்ற பெரும் பாறைக்கு அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த குடும்பமொன்றின் ஒன்பது வாரக் கைக்குழந்தை காணாமற் போனது. டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிக்கொண்டு போனதாகத் தாய் லின்டி சேம்பர்லைன் சொன்னார். தொலைக்காட்சியில் அவர் நிதானமாகப் பேசினார், கதறவில்லை. நாடு முழுவதும் அதையே பேசியது. குழந்தையை இழந்த தாய் இப்படியா இருப்பாள்? அவர்கள் சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவொன்றைச் சேர்ந்தவர்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. குழந்தையின் பெயருக்கே பலி என்று பொருள் என்று ஒரு பொய் பரவியது. வாகனத்தில் குழந்தையின் இரத்தம் இருந்தது என்று நிபுணர்கள் சொன்னார்கள். 1982 இல் ஆயுள் தண்டனை. 1986 இல் குழந்தையின் மேலங்கி டிங்கோக்கள் வாழும் இடத்துக்கருகே கிடைத்தது. இரத்தம் என்றது வாகனத்தில் சத்தத்தைக் குறைக்கப் பூசும் ஒரு பொருளாக இருக்கலாம் என்று தெரியவந்தது. 1988 இல் தீர்ப்பு இரத்தானது. டிங்கோதான் என்று மரண விசாரணை முறைப்படி முடிவு சொன்னது 2012 இல். முப்பத்திரண்டு வருடங்கள்!

அவுஸ்திரேலியர்களைச் சிரிக்க வேண்டாம். நம் மையத்து வீடுகளில் கதவோரம் இருந்து கவனிப்பவர்களை எனக்குத் தெரியும். "பெண்சாதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல, பாத்தீங்களா?" என்ற வார்த்தை ஜனாஸா வளவைத் தாண்டுமுன் ஊரைச் சுற்றிவிடும். அந்த மரணத்தில் ஏதும் சந்தேகமிருந்து பொலிஸார் வந்து விசாரித்தால், இந்த வார்த்தை சாட்சியமாகிவிடும்.

முஸ்லிம் பெண்ணுக்கு இன்னுமொரு தகடு மேலதிகமாக உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதத்தில், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதுசெய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த உடுப்பில் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதே குற்றம். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். கப்பல் படமுள்ள துணிகளில் எங்கும் காணும் வடிவந்தான். ஒரு துணிக்கடைக்காரரைக் கேட்டிருந்தாலே முடிந்திருக்கும். அவர் இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். உடுப்பைப் பார்த்தவர்கள் முதலில் உடுத்தியவரைப் பார்த்தார்கள். பிறகு சக்கரம் தானாகவே தர்மச் சக்கரமாகிவிட்டது. அபாயா அணிந்த சாட்சி மெதுவாகப் பேசினால் யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள் என்பதும், உரத்துப் பேசினால் அடக்கமில்லாதவள் என்பதும் நான் காதாரக் கேட்ட விமரிசனங்கள்.

அப்படியானால் பெண் சொல்வதெல்லாம் உண்மை என்று கொள்ள வேண்டுமா? இதை எழுதும்போது சில வாப்பாமார் மனத்தில் இந்தக் கேள்வி எழும் என்று தெரியும். இல்லை என்பதே என் பதில். 1983 இல் இந்திய உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் முறைப்பாடு செய்த பெண்ணை நம்பித் தீர்ப்பளித்தது, நல்ல தீர்ப்புத்தான். ஆனால் இந்தியப் பெண் தன் மானத்துக்கு அஞ்சிப் பொய்யாக இப்படிச் சொல்லமாட்டாள் என்ற தோரணையில் காரணம் சொன்னது. அது சாதகமான வார்ப்பு. 'நல்ல பெண் பொய் சொல்லமாட்டாள்' என்று ஒப்புக்கொண்டால், அடுத்த வழக்கில் அவள் நல்ல பெண்தானா என்று பார்ப்போம் என எதிரித் தரப்பு தொடங்கிவிடும்.

ஆண்களையும் இந்தத் தகடு விடுவதில்லை. நம் குடாநாட்டில் இளைஞனாக இருப்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்த காலமொன்று இருந்தது. பையனொருவன் துன்புறுத்தப்பட்டால், ஆம்பிளைப் பிள்ளைக்கு அப்படி நடக்குமா என்று சிரித்து முடிப்பதும் நடக்கிறது. முறைப்பாட்டுக்கே வராத கோவைகள் அவை.

ஆணோ பெண்ணோ, சொல்பவர் யார் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, சான்று என்ன சொல்கிறது என்று பார்க்கும் முறையை நான் முதலில் கற்றது சட்டக் கல்லூரியிலல்ல, ஓதப்பள்ளியில். ஸூரா யூசுஃபில் வரும் நிகழ்வு உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கார அம்மாள் யூசுஃப் (அலை) அவர்கள்மீது பழி சொல்கிறாள். அவளோ உயர்குலத்தவள். அவரோ விலைக்கு வாங்கப்பட்டவர், அந்நியர், இளைஞர். எந்த ஊரின் வார்ப்பு எண்ணப்படியும் தீர்ப்பு முடிந்துவிட்ட வழக்கு. ஆனால் அவளுடைய குடும்பத்திலிருந்தே ஒருவர் சொல்கிறார், சட்டையைப் பாருங்கள் என்று. முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை. பின்பக்கம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்த்தார்கள், பின்பக்கம். இந்த நிகழ்வைப் பெண்களின் சூழ்ச்சிக்கு உதாரணமாக மட்டும் சொல்லி முடிப்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். சட்டையை விட்டுவிட்டார்களே என்று அப்போதெல்லாம் தோன்றும். முன்பக்கம் கிழிந்திருந்தால் அவளை நம்பத் தயாராக இருந்தது அந்தச் சோதனை. அதுதான் விசாரணை.

அன்னை ஆயிஷா (றழி) அவர்கள்மீது கட்டப்பட்ட அவதூறும் அப்படித்தான் தொடங்கியது. அறுந்து விழுந்த கழுத்துமாலையைத் தேடிப்போய்ப் பயணக்கூட்டத்தைத் தவறவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (றழி) அவர்களுடைய ஒட்டகத்தில் ஏறிப் பயணக்கூட்டத்தை வந்து சேர்ந்தார்கள். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சேர்ந்து வந்தார்கள் என்பதற்கு மேல் எவரிடமும் எதுவும் இருக்கவில்லை; ஒரு மாதம் ஊர் பேசியது. அதில் எனக்கு மிகப் பிடித்தவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (றழி). அவரும் நபி (ஸல்) அவர்களின் மனைவியருள் ஒருவர். வார்ப்பு எண்ணப்படி போட்டிக்காரி. வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டியவர். கேட்கப்பட்டபோது, தான் காணாததையும் கேளாததையும் சொல்வதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதாகவும், நல்லதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்றும் சொன்னார். நல்ல சாட்சிக்கு அதைவிட இலக்கணம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் காணவில்லை. பின்னர் ஸூரா அந்நூரில் வந்த வசனங்கள், கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்குத் தண்டனை சொன்னதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஊர்ப்பேச்சு இலவசமானதல்ல என்று ஆயிற்று.

பாகிஸ்தானில் 2021 ஜனவரியில், வல்லுறவு வழக்குகளில் பெண்ணின் கன்னித்தன்மையைச் சோதிக்கும் பழைய மருத்துவ முறை சட்டத்துக்கு முரணானது, அதற்கு விஞ்ஞான அடிப்படையும் இல்லை என்று லாகூர் மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதியவர் நீதிபதி ஆயிஷா மலிக். மறு வருடம் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியானார். பெண் நீதிபதிகளைப் பற்றி மேலே சொன்னதற்கு இதையும் சேர்த்து எழுதாவிட்டால் கணக்குச் சரிவராது.

இனி, பெற்றோருக்கும் மாணவிகளுக்கும் கைக்குதவும் சில விடயங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவின்படி, பொலிஸார் எழுதும் வாக்குமூலம் அதைக் கொடுத்தவருக்குக் காட்டப்பட வேண்டும் அல்லது வாசித்துக் காட்டப்பட வேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். விளக்கம் கூறவும் மேலதிகமாகச் சேர்க்கவும் அவருக்கு உரிமையுண்டு. நம் பக்கத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவது புதிதல்ல. வாசித்துக் காட்டாமல் கையொப்பமிடச் சொல்வதும் புதிதல்ல. கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். நாம்தான் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவரும் சாட்சிகளும் கண்ணியமாக நடத்தப்பட வேண்டும் என்று 2015 இல் முதன்முதலாக ஒரு தனிச் சட்டம் வந்தது. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாட்டுக்கு 1929, பெண்களுக்கான உதவிக்கு 1938. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வைப்பதில் வெட்கமொன்றுமில்லை.

ராத்தாவின் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் இருவருமாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். ராத்தா வரவில்லை, நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வரும் என்று பயந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் நாள் நான் கேட்ட கேள்வியும் அதே பயத்தின் தங்கைதான்.

மேசையிலிருந்தவர் இளம் உத்தியோகத்தர். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. சிங்களத்தில் எழுதினார், தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் ஒருவர் பக்கத்திலிருந்து பெயர்த்தார். முடிந்ததும் வாசித்துக் காட்டும்படி கேட்டேன். 'நான் ஆளரவமற்ற ஒழுங்கை வழியாகத் தனியாகச் சென்றுகொண்டிருந்தபோது' என்று தொடங்கியது. என் கண்ணில்கூட அது தவறாகப் படவில்லை. அவள்தான் கையை உயர்த்தினாள், வகுப்பில் உயர்த்துவதைப் போல.

"ஆளில்லாத ஒழுங்கையெண்டு நான் சொல்லல்ல சேர். அதில ஏழு வீடு இருக்கு. தனியாப் போனேனெண்டும் சொல்லல்ல. வகுப்பு முடிஞ்சு வீட்ட போனன்."

பெண் பொலிஸ் அதைப் பெயர்த்தார். அவர் கொஞ்ச நேரம் எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதி, ஓரத்தில் அவளது சுருக்கொப்பத்தை வாங்கினார். பேனையை எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டார்.